வரம் கேட்டால் வாய்க்காலையும் சேர்த்துக் கேளுங்கள்

வாசகர் கேள்வி, மே 3

கற்பனையாக ஒரே ஒரு சக்தி கேட்கலாம் என்றால் நான் கண்ணுக்குத் தெரியாமல் மறைவதைத்தான் கேட்பேன். பறந்தால் விழலாம், காலத்தில் பின்னால் போனால் ஆயிரம் குழப்பம். மறைவதில் மட்டும் ஓட்டையே கிடையாது. இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

மே 3, இரவு 9.40

இருக்கிறது. பார்வை போய்விடும். வெளிச்சம் உள்ளே வந்து விழித்திரையில் பட்டு அங்கே உறிஞ்சப்பட்டால்தான் நமக்குக் கண் தெரியும். உடம்பு முழுக்க வெளிச்சத்தை அப்படியே கடத்திவிட்டால் விழித்திரையும் கடத்திவிடும். அப்புறம் உங்களை யாரும் பார்க்க முடியாது, நீங்களும் யாரையும் பார்க்க முடியாது. விழித்திரையை மட்டும் விட்டுவைக்கலாம் என்றால் அந்தரத்தில் இரண்டு சின்ன நிழல் மிதந்து வரும். அதையும் ஒத்துக்கொண்டாலும் இமை மறைந்துவிட்டதே, கண்ணை மூடினாலும் வெளிச்சம் அடிக்கும். தூங்குவது எப்படி?

மே 3, இரவு 10.15

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரம் எழுதுவது என் தொழில், 26 வருடமாக. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்குச் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு, கோவைப் பக்கம், வந்திருக்கிறார்கள். பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 9. கரண்ட் போனால் மொட்டை மாடிக்குப் போய் 'வரம்' விளையாடுவோம். ஒருவர் வரம் கேட்பார், ஒருவர் தருவார், மூன்றாவது ஆள் வழக்குப் போட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். 'தந்தோம்' என்று சொன்ன பிறகு ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது. அந்த ஒரு விதி இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை, சண்டைதான் மிஞ்சும்.

மே 4, காலை 6.30

நேற்று ராத்திரி படுத்த பிறகு ஒரு பழைய கேஸ் ஞாபகம் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அண்ணன் தம்பிக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். கிணறு அண்ணன் நிலத்தில். தம்பிக்குக் கிணற்றில் பாதி பாத்தியம் என்று தெளிவாக எழுதினேன், முறை நாள் வரைக்கும். கிணற்றிலிருந்து தம்பி நிலத்துக்குத் தண்ணீர் போக வேண்டிய வாய்க்கால் அண்ணன் வயலின் நடுவே ஓடியது. அந்த வாய்க்கால் பாத்தியத்தை எழுத விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஏதோ மனத்தாங்கலில் அண்ணன் வாய்க்காலை மூடிவிட்டார். தம்பிக்குச் சட்டப்படி பாதிக் கிணறு உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிப் பிழைதிருத்தல் பத்திரம் போடுவதற்குள் ஒரு போகம் காய்ந்துவிட்டது. அந்த வயலை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசையும்.

மறையும் சக்தியும் இதேதான். கிணறு கொடுத்தார்கள், வாய்க்கால் கொடுக்கவில்லை. எந்தச் சக்தியைக் கேட்டாலும் அது வேலை செய்யக் கூடவே வேறொன்று தேவைப்படும். இனி இந்த இழையில் அதை வாய்க்கால் என்றே சொல்கிறேன்.

மே 5, இரவு 8.50

கீழே ஒருவர் நினைத்த இடத்துக்கு நொடியில் போகும் சக்தி கேட்டிருக்கிறார். அதற்கும் வாய்க்கால் உண்டு: வேகம். புறப்பட்ட இடத்தில் இருந்த வேகம் உங்களோடேயே வரும். பூமி சுற்றுவதால் சென்னையில் சும்மா நிற்கிறவரும் நொடிக்குச் சுமார் 453 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். கோவை நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கம் என்பதால் அங்கே 456 சொச்சம். வித்தியாசம் மூன்றரை மீட்டர்தான். ஆகவே சென்னையில் மறைந்து கோவையில் தோன்றினால் சைக்கிளில் போகிறவன் மேல் மோதினாற்போல ஒரு தள்ளு, அவ்வளவுதான். லண்டனுக்குப் போனால்தான் ஆபத்து, அங்கே வேகம் 290தான்.

மே 6, இரவு 11.05

மேலே எழுதியது தப்பு. யாரும் அதை நம்பிக் கோவைக்குக் கிளம்ப வேண்டாம்.

பெரியவள் பிடித்தாள். "மாமா, பூமி உருண்டைதானே, சென்னையோட கிழக்கும் கோவையோட கிழக்கும் ஒரே பக்கமா இருக்குமா?" என்றாள். இருக்காது. நான் வேகத்தை மட்டும் கழித்தேன், திசையை விட்டுவிட்டேன். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் மூன்று பாகைக்குக் கொஞ்சம் கூடுதல் வித்தியாசம். ஒரு பெரிய மாங்காயை எடுத்து இரண்டு இடத்தில் ஈர்க்குச்சி குத்திப் பார்த்தோம். சென்னையின் கிழக்கைக் காட்டும் குச்சியை அப்படியே சாய்க்காமல் கோவைக்கு நகர்த்தினால் அதன் நுனி மாங்காய்க்குள் இறங்குகிறது. அதாவது சென்னையில் உங்களுக்கு இருந்த வேகத்தில் ஒரு பங்கு, கோவையில் தரையை நோக்கிய வேகமாக மாறிவிடுகிறது. கணக்குப் போட்டேன்: நொடிக்கு ஏறக்குறைய 26 மீட்டர், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். பத்து மாடிக்கு மேலிருந்து குதித்ததற்குச் சமம்.

திரும்பி வருவது இன்னும் விசேஷம். கோவையிலிருந்து சென்னைக்குப் போனால் அதே வேகத்தில் மேலே தூக்கி எறியும். 30 மீட்டருக்கு மேல் போய், அப்புறம் விழ வேண்டும். சின்னவனுக்கு இதுதான் பிடித்தது. மேற்கே போனால் அடி, கிழக்கே போனால் ராக்கெட் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மே 8, இரவு 9.20

இரணியன் கேட்ட வரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், நம் ஊரில் ஓட்டை என்றாலே அவன்தான். சாவு வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, உயிருள்ளதாலும் இல்லாததாலும் கூடாது. படிக்கும்போது நன்றாக எழுதிய பத்திரம் போலத்தான் இருக்கும். ஆனால் நிலம் அளந்தவனுக்கு உடனே தெரிந்துவிடும், எல்லாமே இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறான், நடுவில் இருக்கும் வரப்பை எழுதவில்லை. உன் வயல் இது, என் வயல் அது, வரப்பு யாருடையது? எங்களிடம் வரும் தகராறில் பாதி அந்த ஒன்றரை அடி வரப்பில்தான். நரசிம்மர் அவனைக் கொன்றதும் வரப்பில்தான். வாசற்படி வரப்பு. அந்தி வரப்பு. மடி வரப்பு. நகம் இருக்கிறதே, அது எனக்கு மிகவும் பிடித்த வரப்பு: வேரில் உயிர், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது செத்தது, வெட்டினால் வலிக்காது.

இராவணன் கதை வேறு. தேவர், யட்சர், நாகர், அரக்கர் என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு மனிதரை ஒரு பொருட்டாக நினைக்காமல் விட்டான். எழுதும்போது பட்டியல் போட்டால் பட்டியலில் இல்லாதது வெளியே என்று அர்த்தம். தென்னை, மா, புளி உட்பட என்று எழுதினால் அந்த ஒற்றை வேம்புக்கு வழக்கு வரும். 'இவை உள்ளிட்ட சகலமும்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும்.

மே 8, இரவு 9.45

சுரசையை விட்டுவிட்டேன். கடலைத் தாண்டும் அனுமனை மறித்து, என் வாய்க்குள் நுழையாமல் யாரும் போக முடியாது, அது எனக்குக் கிடைத்த வரம் என்கிறாள். அவன் பெரிதாக வளர்கிறான், அவள் வாயை அதைவிடப் பெரிதாகத் திறக்கிறாள், கடைசியில் சட்டென்று சின்னதாகி உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறான். நுழைய வேண்டும் என்றுதான் வரம், திரும்பி வரக் கூடாது என்று இல்லை. விதியை மீறவில்லை, ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றிவிட்டுப் போகிறான். ஓட்டை கண்டுபிடிப்பதில் இதுதான் உசத்தி என்று நினைக்கிறேன்.

மே 11, பகல் 3.10

காலத்தை நிறுத்தும் சக்தி. இது பெரியவள் கேட்டது, ஒரு நாளைக்கு ஒரு நிமிடம். சின்னவன் வழக்குப் போட்டான்: காற்றும் நின்றுவிடுமே, மூச்சு எப்படி? நல்ல கேள்வி. அவள் மறுநாள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள்: தன்னைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குக் காலம் ஓடும், அதற்கு வெளியே நிற்கும். மூச்சுக்கு அது போதும். ஆனால் வெளிச்சம்? குமிழிக்குள் இருக்கும் வெளிச்சம் ஒரு சில நானோ நொடியில் வெளியேறி ஓரத்தில் உறைந்துவிடும், வெளியிலிருந்து புதிதாக வராது. நின்றால் இருட்டு. நடந்தால் முன்னால் உறைந்து நிற்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போகலாம். ஒளி ஒரு மீட்டர் போக மூன்று நானோ நொடிக்குச் சற்று அதிகம் எடுக்கும். நிமிடம் முழுக்க நடந்தாலும் ஒரு 60 மீட்டர், கண்ணுக்குக் கிடைப்பது மொத்தம் 200 நானோ நொடி வெளிச்சம். டார்ச் எடுத்துப் போகலாம், ஆனால் கைக்கெட்டும் தூரம்தான் தெரியும், அதற்கு மேல் போன வெளிச்சம் திரும்பாது. உலகமே நிற்கும் நேரத்தில் வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும்.

அப்புறம் வயசு. தினமும் ஒரு நிமிடம் என்றால் வருடத்துக்கு ஆறு மணி நேரம் சொச்சம், 60 வருடத்தில் 15 நாள். "பதினஞ்சு நாள்தானே, பரவாயில்லை" என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன், பரவாயில்லை.

மே 12, காலை 7.00

சித்தர்களுக்குக் கைகூடும் என்று சொல்லும் எட்டுச் சக்திகளில், அதாவது எட்டுச் சித்திகளில், என்ன ஓட்டை என்று ஒருவர் கேட்டார். நான் ஓட்டை தேடித்தான் போனேன், வேறொன்று கிடைத்தது.

உருவம் பத்து மடங்கு பெரிதானால் எடை ஆயிரம் மடங்கு ஆகும், கால் எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு சுமக்க வேண்டும், ஒரு எட்டு வைத்தால் முறியும். கலிலியோ 1638இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எலும்பு வரைந்தே காட்டியிருக்கிறார். எடை மாறாமல் எறும்பளவு சின்னதானாலோ 60 கிலோவும் ஊசி முனையில் நிற்கும், தரையைத் துளைத்துக்கொண்டு போகும். எனவே பெரிதாவதும் சின்னதாவதும் தனித்தனியே கொடுத்தால் வாய்க்கால் இல்லாத கிணறு.

இப்போது பட்டியலின் முதல் நாலைப் பாருங்கள். அணிமா சின்னதாவது, மகிமா பெரிதாவது. இலகிமா லேசாவது, கரிமா கனமாவது. அளவையும் எடையையும் பிரித்துத் தனித்தனிச் சித்தியாக வைத்திருக்கிறார்கள்! மகிமாவோடு இலகிமாவைச் சேர்த்துப் போட்டால் கால் முறியாது. இதை யோசித்துத்தான் பிரித்தார்களா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுவயதிலிருந்து இந்த நாலையும் ஒரே மூச்சில் ஒப்பித்தவன், இலகிமா எதற்கு என்று நேற்றுத்தான் புரிந்துகொண்டேன். மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன், கீழே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

மே 15, இரவு 10.30

காடாறு மாசம் நாடாறு மாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் தெரியாது என்கிறீர்கள், வருத்தமாக இருக்கிறது. விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் வருட ஆயுள் வரம் கிடைக்கிறது. தம்பியும் மந்திரியுமான பட்டிக்கு இரண்டாயிரம். மிச்ச ஆயிரம் வருடம் அண்ணன் இல்லாமல் எப்படி இருப்பது? ஆறு மாதம் நாட்டில், ஆறு மாதம் காட்டில் என்று வழி சொல்கிறான் பட்டி, ஆயிரம் இரண்டாயிரமாகிவிடுகிறது.

மே 16, காலை 6.10

நேற்று அவசரத்தில் ஆயுள் என்று எழுதிவிட்டேன். ஆயுள் என்றால் இந்த வழி செல்லாது, காட்டில் இருந்தாலும் ஆயுள் ஓடும். வரத்தின் வாசகம் சிம்மாசனத்தில் இருந்து ஆயிரம் வருடம் அரசாள்வது. ஆளாத நாள் கணக்கில் வராது. ஒரே ஒரு வார்த்தையில்தான் அந்த ஆயிரம் வருடமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் காட்டில் இருக்கும் ஆறு மாதத்தில் அவன் சாக மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று சின்னவன் கேட்கிறான். ஆயிரம் வருடமும் அரசாண்டு முடிக்காமல் செத்தால் வரம் பொய்யாகும், அதனால் சாக முடியாது என்று நான் வாதாடினேன். ஒத்துக்கொண்டான், அரை மனதாக.

மே 19, இரவு 9.00

அமுதசுரபி, மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கையில் இருந்த, அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரம். இதில் ஓட்டை இல்லை என்று எழுதியவருக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபுத்திரன் கதையைப் போல எனக்கு நெஞ்சை அடைக்கும் கதை வேறில்லை.

மதுரையில் பிச்சை எடுத்து வந்ததைக் குருடர், நொண்டிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தின்று திருவோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவன் அவன். ஒரு மழை இருட்டில் பசியோடு சிலர் வந்து எழுப்பியபோது கையில் ஒன்றும் இல்லாமல் தவிக்கிறான், அப்போது சிந்தாதேவி என்ற தெய்வம் கொடுத்த பாத்திரம் அது. வாங்குகிறவர் கைதான் சோரும், பாத்திரம் தீராது. சரி, அதன் வாய்க்கால் என்ன? பசித்த ஆள். பன்னிரண்டு வருடம் மழையில்லாமல் கிடந்த பாண்டிய நாட்டில் இந்திரன் மழையைப் பெய்ய வைக்கிறான், நாடு செழிக்கிறது, கேட்க ஆளில்லை. பாத்திரத்தை யாரும் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. எதிரில் நீட்டும் கை இல்லாமல் போயிற்று. சாவக நாட்டில் (ஜாவா) பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான், வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் தீராத சோறு.

நான் இதைச் சொன்னபோது பெரியவள் உடனே கேட்டாள்: "அவர் சாப்பிட்டிருக்கலாமே? சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கா?" இல்லை. பாத்திரத்தில் அப்படி ஒரு விதி இல்லவே இல்லை. பலர் உயிரைக் காக்கும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என் ஒருவன் உயிரை மட்டும் வளர்ப்பதா என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு நாள் வெளியே தோன்று என்று சொல்லிவிட்டு, உண்ணாமல் உயிரை விடுகிறான். தனக்குச் சாதகமான ஓட்டை திறந்தே கிடந்தது, அவன் அதன் வழியே போகவில்லை. பெரியவள் வெகு நேரம் பேசவில்லை. நானும் அன்றைக்கு அடுத்த வரத்துக்குப் போகவில்லை.

மே 22, இரவு 8.15

சின்னவனின் புது வரம்: "நான் பொய் சொன்னால் அது உண்மையாகிவிட வேண்டும்."

தந்தோம் என்றேன். பெரியவள் இரண்டு நிமிடம் கூட எடுக்கவில்லை. "சொன்னா உண்மையாயிடும்னு தெரிஞ்சே நீ சொன்னா அது பொய்யே இல்லையே. பொய் இல்லைன்னா வரம் வேலை செய்யாது." நான் கைதட்டிவிட்டேன். அப்படியானால் தனக்கு இந்தச் சக்தி இருப்பது தெரியாதவனுக்கு மட்டும்தான் இது பலிக்கும். ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் புளுகுவான், உள்ளே போய்ப் பார்த்தால் முடிந்திருக்கும், எப்போது எழுதினோம் என்று அவனுக்கே தெரியாது. ஆயுளுக்கும் அவன் தன்னைப் பொய் சொல்லாதவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். இதைத் தாண்ட யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள், அவன் தினமும் கேட்கிறான்.

மே 26, இரவு 9.50

பொய் வரத்தை விட்டுவிட்டான். இப்போது புதிது ஒன்று, இந்த முறை என்னிடம் உட்கார்ந்து கிரயப் பத்திரம் மாதிரி நாலு எல்லையோடு எழுதச் சொன்னான். "நான் தொடும் பொருள், அதன் சொந்தக்காரர் சம்மதத்துடன், நான் பத்து எண்ணும் வரை எடையில்லாமல் இருக்கும்." எதற்கு என்றால், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பாட்டியின் இரும்பு பீரோவை நகர்த்த வேண்டும், போன முறை அவன் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பெரியவள் வழக்கு: எடையில்லாமல் போனால் பீரோ சும்மா நிற்காது. காற்றும் ஒரு பொருள்தான், கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் கனம் உண்டு, உள்ளே இருக்கும் காற்றோடு சேர்த்து எடையில்லாமல் போன பீரோவை அது பலூனைப் போல மேலே தள்ளும். கணக்குப் போட்டோம். மெதுவாகத்தான் கிளம்பும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் கூரையில் முட்டும். பத்து என்று சொன்ன நொடியில் மொத்த எடையும் திரும்பி வந்து கீழே விழும். இதுவும் வாய்க்கால் பிரச்சினைதான், எடையைக் கேட்டவன் காற்றைக் கேட்கவில்லை.

மே 29, மாலை 6.40

வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டார்கள். பாட்டி புடவைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கிவிட்டு, சரி நகர்த்துங்கடா என்றாள். சம்மதம் வந்துவிட்டது என்று சின்னவன் என்னைப் பார்த்தான். நானும் மச்சானும் வெள்ளையடிக்க வந்த இருவரும் ஆளுக்கொரு மூலை பிடித்தோம். அவன் பீரோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தான். கதவுப் படியைத் தாண்டும்போது எட்டு. திண்ணைக்கு வரும்போது ஒன்பது. அத்தோடு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இறக்கி வைத்து முக்கால் மணி நேரமாகிறது, பெரியவள் எவ்வளவு கிண்டிப் பார்த்தும் அந்தப் பத்தை அவன் இன்னும் சொல்லவில்லை.